நாறும் நதிக்கு யார் பொறுப்பு?

(உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களும் கமக்காரரும் சட்டத்தரணிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு ஆற்றைப் பற்றி என்ன பேச்சு?" என்று, நாம் இம்மண்டபத்தின் படியேறும்போதே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானதே. மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துபோகும் வழுக்கையாறு ஒன்றைத் தவிர, ஆறென்று சொல்லிக்கொள்ள எமது குடாநாட்டில் எதுவுமில்லை. ஆயினும் அப்பெரியவரிடம் நாம் திருப்பிக் கேட்டோம்: "உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" அவர் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்துவிட்டார். அக்கேள்விக்கு இறுதியில் வருவோம். முதலில் ஒரு வழக்கின் கதையைச் சொல்ல அனுமதி தாருங்கள்.

இங்கிலாந்தில் டேர்பி என்றொரு நகரம். அந்நகரத்தை ஊடறுத்து ஓடுவது டேர்வென்ற் என்னும் ஆறு. அவ்வாற்றிலே தூண்டில் போட்டு மீன் பிடிப்போரின் சங்கம் ஒன்றும், ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த பிரபு ஒருவரும் சேர்ந்து வழக்காடினர். ஆற்றில் மீன் செத்துப்போயிற்று என்பது அவர்களின் முறைப்பாடு. எதிராளிகள் மூவர். ஒருவர் செயற்கைப் பட்டு நெய்யும் பெரிய கம்பனியார். மற்றவர் மின்சாரம் உற்பத்தி செய்யும் அரச அதிகார சபையார். இவர்கள் தம் நிலையத்தின் சுடுநீரை ஆற்றில் விட்டனர். மூன்றாமவர்தான் நமக்கு வேண்டியவர்: டேர்பி மாநகராட்சியார். நகரத்து மக்களின் மலநீரை அரைகுறையாகச் சுத்திகரித்து ஆற்றில் விட்டனர் என்பது அவர்கள்மீதான குற்றச்சாட்டு.

மாநகராட்சி சொன்ன மறுமொழியைக் கேளுங்கள். நம்மூர்ச் சபைக் கூட்டங்களில் நீங்கள் கேட்டுப் பழகிய குரலாகவே அது இருக்கும். "1901ஆம் ஆண்டில் பாராளுமன்றம் விசேட சட்டமியற்றி எமக்கு அதிகாரம் தந்தது. அதன்படியே சுத்திகரிப்பு நிலையம் கட்டினோம். கட்டிய காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. பின்னர் நகரத்தில் சனம் பெருகிவிட்டது. சனம் பெருகியது எமது குற்றமா? நாம் புதிதாக ஒன்றும் செய்யவில்லையே!"

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடலாமென எண்ணாதீர்கள். சட்டத்தில் அதற்கொரு வேர் உண்டு. செய்யத் தகாததைச் செய்வது வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாளாவிருப்பது வேறு. முன்னதற்குப் பொதுச் சபையை நீதிமன்றுக்கு இழுக்கலாம். பின்னதற்கு இழுப்பது கடினம் என்று ஆங்கில நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லி வந்தன. கால்வாய் போதவில்லை என்று ஊரவன் அழுதால், அமைச்சரிடம் போய் முறையிடு என்று அனுப்பிவைத்தன. அந்தக் கோட்டைக்குள் ஒளிந்துகொள்ளவே டேர்பி மாநகராட்சி முயன்றது.

1953இல் வெளியான அறிக்கைகளில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைக் காணலாம். எவர்ஷெட் நீதிபதியும் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டெனிங் நீதிபதியும் ரோமர் நீதிபதியும் அமர்ந்து கேட்ட வழக்கு அது. அவர்கள் கண்டது மிக எளிய உண்மை. மலநீர் தானாக நடந்து ஆற்றுக்குப் போகவில்லை. அதனை வீடுவீடாகச் சேர்த்தது மாநகராட்சியின் குழாய். தன் நிலையத்துக்குக் கொண்டுவந்தது மாநகராட்சி. அங்கிருந்து தன் வாயிலால் ஆற்றுக்குள் விட்டதும் மாநகராட்சியே. இதிலே வாளாவிருந்தது எங்கே? நட்டஈடு மட்டும் தருகிறோம், தடைக்கட்டளை வேண்டாம் என்ற மன்றாட்டமும் எடுபடவில்லை. தடைக்கட்டளை உறுதியாயிற்று. ஆனால் நாளைக் காலையே குழாயை அடைத்தால் நகரத்து மலநீர் எங்கே போகும்? ஆகவே அக்கட்டளை செயற்படுவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, அதற்குள் நிலையத்தைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தது நீதிமன்றம். கண்டிப்பும் உலக நடப்பும் கைகோத்த தீர்ப்பு அது.

மீன்பிடிப்போர் சங்கம் என்று நாம் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம். அங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டவர்கள் ஒரு மாநகரத்தையே நீதியின் முன் நிறுத்தினார்கள். இங்கே வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீர் இறைப்பவர்கள் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதத் தயங்குகிறோம். இங்கிலாந்தில் பின்னர் கழிவுநீர்ப் பணி மாநகராட்சிகளின் கையைவிட்டு நீங்கி, 1989இல் தனியார் கம்பனிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஆயினும் 2024 யூலையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், சுத்திகரியாத மலநீரை மான்செஸ்ரர் கப்பற் கால்வாயில் விட்ட கம்பனிமீது கால்வாயின் சொந்தக்காரர் வழக்குத் தொடரலாம் என்று தீர்த்தபோது, டேர்பித் தீர்ப்பும் அங்கே துணைநின்றது. எழுபது ஆண்டு கழித்தும் அந்த மீன் சாகவில்லை!

பணமில்லை என்ற பாட்டு

"வெள்ளைக்காரன் நாட்டில் காசு இருக்கிறது, செய்வான். எமது சபையில் விளக்குக் கம்பத்துக்குக் குமிழ் வாங்கவே காசில்லையே" என்பது அடுத்த தடை. இதற்கு மறுமொழியைத் தேடி நாம் கடல் கடந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்றொரு நகரம். அங்கே ஒரு தெருவில் திறந்த வாய்க்கால் தேங்கி நாறிற்று. மலகூடமில்லாத ஏழைகள் தெருவோரத்தையே நாடினர். மதுசாரத் தொழிற்சாலையின் நாற்றநீரும் அங்கேயே வந்து சேர்ந்தது. அத்தெருவார் பெரிய மாளிகையின் கதவைத் தட்டவில்லை. குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் அக்காலத்து 133ஆம் பிரிவைக் கையிலெடுத்துக்கொண்டு, பொதுத் தொல்லையை நீக்கக் கட்டளையிடும்படி உள்ளூர் நீதவானிடம் போனார்கள். நீதவான் கட்டளையிட்டார். நகராட்சியோ, பணமில்லை என்று சொல்லிச் சொல்லி டில்லி வரை ஏறிற்று.

1980 யூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அந்தப் பாட்டை நிறுத்திற்று. கடமையைச் சட்டம் விதித்திருக்கும்போது, பெட்டகம் வெறுமை என்பது கடமை தவறியதற்குச் சமாதானமாகாது என்பதே அதன் சாரம். பணம் போதாவிடில் மாநில அரசிடம் கேள், கடன் எடு, வீண் செலவைக் குறை, ஆனால் வாய்க்காலைக் கட்டு.

அன்பர்களே, இந்தப் பணமில்லைப் பாட்டு எமக்கும் புதிதன்று. 2023 மார்ச்சில் எமது உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபோது, தேர்தல் நடத்தப் பணமில்லை என்றுதான் கொழும்பிலிருந்து சொல்லப்பட்டது. ஈராண்டுக்கு மேலாக நீங்கள் தெரிவு செய்த ஒருவரும் சபைகளில் இல்லை. செயலாளர்களும் ஆணையாளர்களுமே ஆண்டனர். அத்தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆம் நாள் வாக்களித்தோம். பணமில்லை என்று எமது வாக்கை மறுத்தபோது பொங்கியெழுந்த நாம், அதே சொல்லை எமது சபை எமது கமக்காரனுக்குச் சொல்லும்போது தலையாட்டலாமா?

கங்கையும் களனியும்

கங்கைக் கரையிலே கான்பூர். தோல் பதனிடும் சாலைகளுக்குப் பேர்போன ஊர். எம். சி. மேத்தா என்னும் சட்டத்தரணி 1985இல் உயர் நீதிமன்றுக்குப் போனார். கங்கைக் கரையில் அவருக்கு ஓர் அடி நிலமில்லை. ஆயினும் அந்நீரை அருந்தும் மக்களின் உயிரில் அக்கறையுள்ளவர் என்ற அளவிலேயே அவருக்கு வழக்குரிமை உண்டென நீதிமன்றம் ஏற்றது. 1987 செப்தெம்பரில் தோற்சாலைகளுக்குக் கட்டளை பிறந்தது. 1988 யனவரி 12ஆம் நாள் பிறந்த இரண்டாம் தீர்ப்பே நமக்குப் பாடம். தோற்சாலைகளை மட்டும் ஏசிவிட்டு இருக்க முடியாது. நாளொன்றுக்கு 27 கோடி லீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீரைக் கங்கையில் விடும் நகரத்துக்கு முதற் பொறுப்பாளி மாநகராட்சியே என்று அது கூறிற்று. மாட்டுப் பட்டிகளின் சாணக் கழிவு முதல், ஏழைகள் வாழும் பகுதிகளின் மலகூடம் வரை, அரைகுறையாக எரிந்த பிணங்களை ஆற்றில் எறிவது வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டளையிட்டது. கழிவைச் சுத்திகரிக்க ஒழுங்கு செய்யாத புதிய தொழிற்சாலைக்கு அனுமதிப்பத்திரம் கொடாதே என்றும் தடுத்தது.

அத்தீர்ப்பினால் கங்கை தெளிந்ததா? இல்லை. சட்டத்தரணியாக இருந்துகொண்டு இதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். 2014இல் நடுவணரசு கங்கையைத் தூய்மையாக்க இன்னொரு பெருந்திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு ஒரு கருவி. அதைப் பிடித்து உழுபவன் வேண்டும். கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு விளைச்சல் கேட்பது எங்கள் தொழிலாரின் பழைய நோய்.

இனி எமது தீவுக்கு வருவோம். சிவனொளிபாத மலைச் சாரலில் பிறந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக இறங்கி, கொழும்புக்கு வடக்கே கடலில் கலப்பது களனி கங்கை. நீளம் ஏறத்தாழ 145 கிலோமீற்றர். கொழும்பு மாநகரமும் அதன் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் எம்மவர் வீட்டுக் குழாயில் வருவதும் இதே நீர்தான். அதே ஆற்றின் கரைகளிலும் கிளைகளிலும் கைத்தொழிற் பேட்டைகளும் சந்தைகளும் குப்பை மேடுகளும் இருக்கின்றன.

ஆலைக்காரனைப் பிடியுங்கள் என்பார்கள். பிடிக்கத்தான் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் கீழ், சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடமே கையளிக்கப்பட்டிருக்கிறது என்பதை எத்தனைபேர் அறிவீர்கள்? சிறு தொழில் நிலையமொன்றின் கழிவு வாய்க்காலில் ஓடுகிறது என்று சபையிடம் முறையிடுகிறீர்கள். அதற்கு உரிமம் கொடுத்த கையும் பெரும்பாலும் அச்சபையின் கையே! புதுப்பிக்கும் காலம் வரும்போது அக்கை கையெழுத்திட மறுக்கலாம்.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகளையும், நகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் உரிய சட்டங்களில் அவற்றுக்கு நேரான பிரிவுகளையும் வாசித்துப் பாருங்கள். கழிவை அகற்றுவது சபையின் கடமை. சேர்க்கப்பட்ட கழிவு சபையின் சொத்து. அதனைத் தொல்லையின்றி அப்புறப்படுத்த இடம் ஒதுக்குவதும் சபையின் கடமை. சொத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய இரும்பும் போத்தலும் விலைபோகும்போது அது சபையின் சொத்து. மழையில் கரைந்து வாய்க்காலால் ஆற்றுக்கு இறங்கும்போது மட்டும் அநாதையா? கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பையை மலைபோலக் குவித்தார்கள். அவ்விடத்து மக்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்தார்கள். 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்தது. 32 உயிர்கள் போயின. எத்தனையோ கைகள் சேர்ந்து கட்டிய மலை அது. விழுந்த பின்னர் அது தன்னுடையது என்று சொல்ல ஒரு கையும் எழவில்லை.

எமது ஆறு எங்கே?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். எமக்கும் ஆறு உண்டு, ஐயா. அது காலடிக்குக் கீழே சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இருக்கிறது. ஒருவன் வளவில் ஊற்றியது, கரையும் தடுப்பும் இல்லாமல், அயலவன் கிணற்றில் எழும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தபோது நாம் அதைக் கண்ணாரக் கண்டோம். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற நெறியை ஏற்று, அங்கே மின் நிலையம் நடத்திய கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. வெளியார் கம்பனி என்றவுடன் ஊர் திரண்டது, நல்லதே.

ஆனால் எங்கள் சொந்த மலக்குழிகள்? குழாய்வழிக் கழிவகற்றல் இல்லாத நகரத்தில், நெருங்கக் கட்டிய வீடுகளின் குழிகள் எல்லாம் அதே சுண்ணக்கல்லுக்குள்தான் ஊறுகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் பலமுறை காட்டியுள்ளனர். மலக்குழிகள் ஒரு காரணம். மற்றக் காரணம் தோட்டத்தில் நாமிடும் உரம். கமக்காரப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். கட்சிக்காரனுக்கு உண்மையைச் சொல்லாத சட்டத்தரணி அவனுக்குப் பகைவன். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கைநிறைய உரத்தைக் கொட்டிவிட்டு, நீதவான்முன் சுத்தமான கையோடு நிற்க முடியாது.

எமது அனுபவமொன்றைச் சொல்லவேண்டும். ஊரையும் பேரையும் கேட்காதீர்கள். சில காலத்துக்கு முன் கமக்காரர் மூவர் எமது அலுவலகத்துக்கு வந்து, மேசைமேல் ஒரு போத்தலை வைத்தனர். சந்தையின் கழுவுநீரும் இறைச்சிக்கடையின் கழிவும் வெள்ள வாய்க்காலால் ஓடி, அவர்களின் வயற்கரைக் குளத்தில் விழுகின்றன. "அப்புக்காத்து ஐயா, குடிக்கச் சொல்லேல்லை, மணந்து மட்டும் பாருங்கோ" என்றார் மூத்தவர். மணந்தோம். வாய்க்கால் சபைக்குரியது. சந்தையும் சபைக்குரியது. இறைச்சிக்கடையின் குத்தகைப் பணமும் சபைக்கே போகிறது. வழக்கு பளிங்குபோலத் தெளிவு.

தெளிவில்லாதிருந்தது நாம்தான். அச்சபையின் தவிசாளர் எமது நண்பர். அவருக்காக வீடுவீடாகப் படியேறி வாக்குக் கேட்டவர்கள் நாம். எமது சபையையே நாம் மன்றேற்றினால் மாற்றார் கைகொட்டிச் சிரிப்பாரே என்றனர் தோழர்கள். இரண்டு கிழமை அந்தக் கோவையைத் திறக்காமலே வைத்திருந்தோம். அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். போத்தலும் அலுமாரியின்மேல் அப்படியே இருந்தது. ஒருநாள் எழுதுவினைஞர் அதை எடுத்து எறியப் போனபோது, மூடி கழன்று அலுவலகம் முழுவதும் நாறிற்று. அன்று மாலையே கடிதத்தை எழுதினோம்.

தவிசாளரின் மறுமொழியில், நாம் எதிர்பார்த்தபடியே, நிதியில்லை என்ற வசனம் இருந்தது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சந்தையாலும் இறைச்சிக்கடையாலும் சபைக்கு வந்த வருமானத்தையும், வடிகாலுக்குச் செலவிட்ட தொகையையும் கேட்டு விண்ணப்பித்தோம். ஆறு மாதம் அவர் எம்முடன் பேசவில்லை. இப்போது இறைச்சிக்கடைக் கழிவுக்குத் தனிக் குழி கட்டப்பட்டிருக்கிறது. சந்தைக் கழுவுநீர் இன்னும் வாய்க்காலில்தான் ஓடுகிறது. எமது இரண்டாம் கடிதம் போயிருக்கிறது; நண்பர் இன்று இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்.

அந்த இரண்டாம் கடிதத்தில் குறிப்பிட்டது, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. ரத்லாம் மக்கள் பிடித்த இந்தியப் பிரிவும் இதுவும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவை. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். மாட்டேன் என்பவர் காரணங்காட்ட வேண்டும். பெரும் பொருட்செலவு வேண்டாம். வேண்டியது சாட்சியம். என்று நாறியது, எங்கிருந்து வந்தது, எவர் கண்டார் என்பதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து அவருடைய அறிக்கையைப் பெறுங்கள். சபைக்கு முதலில் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அந்தச் சிறு துண்டு இல்லாமல் எத்தனையோ நல்ல வழக்குகள் எமது கையில் செத்திருக்கின்றன.

இங்கிருக்கும் சபை உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எமக்குப் பகைவரல்லர். சோலைவரியை உயர்த்தினால் அடுத்த முறை வாக்கு விழாது என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்களும் நாங்களே. வடிகாலுக்கென்று கணக்குக் காட்டி வரி கேளுங்கள். அதற்காக உங்களுடன் மேடையேறி, மக்களிடம் வரி கொடுங்கள் என்று கேட்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம். மாகாணத்திடமும் கொழும்பிடமும் கேட்கவேண்டிய பணத்தைத் தீர்மானம் நிறைவேற்றி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றம் நாளை உங்களைக் கேட்கும்போது அந்த எழுத்தே உங்களுக்குத் துணை.

முறைப்பாட்டு மாதிரி ஒன்றை அச்சிட்டு வாசலிலுள்ள மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். சபையின் பெயரை எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.